கூக்கால் தண்ணீரும் குமரகுருவின் மஞ்சள் தாளும்

கொடைக்கானலில் ஒருவர் தனியாக வசிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இருந்தாலும் ஊர் அதை ஓர் ஒழுங்கீனமாகவே கருதி வருகிறது. இந்த மலைக்கு வருகிறவர்கள் ஜோடியாக வருவார்கள்; இல்லையென்றால் வேன் நிறைய வருவார்கள். முனைவர் குமரகுரு நாயுடுபுரத்து டீக்கடையில் உட்கார்ந்து "ஒரு டீ" என்று சொன்னால், கடைக்காரர் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், மிச்சப் பேர் எங்கே என்று. மிச்சப் பேர் இல்லை என்பது இருவருக்குமே பல வருடமாகத் தெரியும். எட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

குமரகுரு ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். வயது நாற்பத்தெட்டு. பழனி அடிவாரத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம். மனைவி சண்முகப்பிரியா கோயம்புத்தூரில் வங்கி அதிகாரி. கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் கொடைக்கானலில் இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தார். சுவரில் பூஞ்சை, துணியில் பூஞ்சை, கடைசியில் நெஞ்சிலும் அதுதான் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். மூச்சிரைப்பு. மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்றால் சமாதானத்துக்காகவாவது யாராவது மலை ஏறி வந்திருப்பார்கள்.

தினமும் சாயங்காலம் தொலைபேசி உண்டு.

"சாப்ட்டீங்களா?"

"இனிமேத்தான். நீ?"

"ம். அங்க மழையா?"

"மழை இல்ல. மிஸ்ட்டு."

"இங்க நல்ல வெயிலு."

இரு மண்டலங்களின் வானிலை அறிக்கை இத்துடன் முடிவடையும்.

ஆகவே குமரகுரு தம்முடைய வாழ்நாளை ஒரு மஞ்சள் பொடிக்கு ஒப்படைத்தார். அதன் குடும்பப் பெயர் ஷிஃப் காரம். ஷிஃப் என்ற ஐரோப்பியர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்த வகை. செய்முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆல்டிஹைடு என்று ஒன்று, அமீன் என்று ஒன்று. இரண்டையும் சாராயத்தில் போட்டுச் சூடுகாட்டினால், தங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு துளி நீரை வெளியே தள்ளிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளிச்சென்று மஞ்சள் படிகம் இறங்கும். அதன் பிறகு அதை ஈரம் அண்டாமல் காப்பாற்றுவதுதான் பாடு. ஈரம் திரும்ப உள்ளே புகுந்தால் ஆல்டிஹைடு ஒரு பக்கம், அமீன் ஒரு பக்கம் என்று அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஈரத்தால் பிரிந்துபோகிறவர்களைப் பற்றிக் குமரகுரு புத்தகத்தைத் திறக்காமலே பாடம் எடுக்கக்கூடியவர். வகுப்பில் மட்டும் ஏனோ அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்.

இந்தப் பொடிக்கு ஒரு திறமை உண்டு. தாமிரம் கலந்த தண்ணீரைப் பார்த்தால் மஞ்சள் பழுப்பாக மாறும். தாமிரம் கூடக்கூடப் பழுப்பும் கூடும். பொடியைக் கரைத்து வடிதாளில் ஊற்றிக் காயவைத்து, விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிவிட்டால் சோதனைத் தாள் தயார். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தண்ணீரில் நனைத்தால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீரைக் கண்டால் பிரிந்துபோகிற ஒரு பொருளைக் கொண்டு தண்ணீரைச் சோதிப்பது, அதையும் வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிற ஊரில் உட்கார்ந்து செய்வது, சாதாரண மனிதர்களால் ஆகக்கூடிய காரியமல்ல. குமரகுரு தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசியோடு போட்டு மூடி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த வீட்டில் எப்போதும் கதகதப்பாக இருந்தது அந்த டின் ஒன்றுதான்.

கட்டுரை எழுதி அனுப்பினார். அனுப்பிய பத்திரிகையில் இரண்டு மதிப்பீட்டாளர்கள். முதலாமவர் பாராட்டினார், படிக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. இரண்டாமவர் படித்துவிட்டார். "இதெல்லாம் ஆய்வுக்கூடத்துத் தண்ணீர். மக்கள் குடிக்கிற நிஜத் தண்ணீரில் சோதித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். உலகத்தில் ஷிஃப் காரத்தை வைத்துக் கட்டுரை எழுதுகிற எல்லோரையும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். வழக்கமாக ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்துக் குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்து, "உள்ளூர் நீர்நிலை" என்று எழுதி அனுப்புவார்கள். குமரகுருவுக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் சனிக்கிழமையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் மேல்மலைக் கிராமமான கூக்காலுக்குப் பஸ் ஏறினார்.

கூக்கால் போவதற்குத் தக்க விஞ்ஞானக் காரணமும் இருந்தது. மேல்மலையில் உருளைக்கிழங்குக்குக் கருகல் வராமலிருக்க மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள். மயில்துத்தம் என்பது தாமிரம்தான். அது மழையில் கரைந்து தண்ணீரில் சேர்கிறதா என்று பார்க்கலாம். தாள் மஞ்சளாகவே இருந்தால் ஒரே ஒரு பயணத்தோடு வேலை முடிந்தது. பழுப்பாக மாறினால் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். குமரகுரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூம்பாறை தாண்டும்போது, தாம் எது நடக்க வேண்டுமென்று விரும்புகிறோம் என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ளாமல் வந்தார்.

ஊருக்குள் ரேஷன் கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து பையிலிருந்து கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்தார். "ஊர்த் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் வேணும்" என்றார்.

தேவசேனா என்ற அம்மாள் முன்னே வந்தார். ஐம்பது தாண்டியவர், மகளிர் குழுவின் தலைவி. பாட்டில்களைப் பார்த்த பார்வையிலேயே பாட்டில்கள் தலைகுனிந்தன.

"இதென்ன சார், மண்ணெண்ணெ வாங்க வந்த மாதிரி?"

"தண்ணி பிடிக்கிறதுக்கும்மா. டெஸ்ட்டுக்கு."

"டெஸ்ட்டோ எதுவோ. காலேசுலேருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. உங்களுக்குப் பிளாஸ்டிக்லயா தண்ணி குடுப்போம்? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க? உக்காருங்க."

வீட்டுக்குள் போனார். தேய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். சொம்பு சூரியனைப் போல இருந்தது. அன்று மேகமாக இருந்ததால் ஊரில் அது ஒன்றுதான் சூரியன். அடுத்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அவளும் ஒரு சொம்பு. எதிர்வீட்டிலிருந்து ஒரு தாமிரக் குடமே வந்தது. பிளாஸ்டிக் பாட்டில்கள் பைக்குள் திரும்பிப் போயின.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் எதையாவது கண்டுபிடித்திருந்தால், அவருக்குக் கூக்காலில் யாரும் சொம்பில் தண்ணீர் தந்ததில்லை என்று பொருள். குமரகுரு பித்தளைக்கு நடுவே பிறந்தவர். அவருடைய கண்ணுக்குப் பித்தளை ஓர் உலோகமே அல்ல, அது மரியாதை. மரியாதை தண்ணீரில் கரையும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. பிற்பாடு கட்டுரையில் எழுதுவதற்காக அவர் மனத்தில் குறித்துக்கொண்ட வாக்கியம், "மாதிரிகள் மிகச் சுத்தமான கலன்களில் சேகரிக்கப்பட்டன" என்பது. அதில் பொய் ஒரு துளி கிடையாது.

தாளை எடுத்தார், நனைத்தார். மஞ்சள் பழுப்பாகியது.

கூட்டத்தில் ஒரு மூச்சு. "சார், இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டவர் பொன்னுச்சாமி. தேவசேனாவின் கொழுந்தன், ஊரில் பெரிய உருளைக்கிழங்கு வெள்ளாமைக்காரர்.

"தண்ணியில காப்பர் இருக்கு. மயில்துத்தம் அடிக்கிறீங்கல்ல, அதுவா இருக்கலாம்."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் தேவசேனா. "எங்க கொழுந்தனாரு அடிக்கிற அடிக்குத் தண்ணி என்னத்துக்கு ஆகும்? கெழங்குக்கு அடிக்கிறாரா, ஊருக்கு அடிக்கிறாரான்னு நான் அப்பவே கேட்டேன்."

"மதினி, நீ குடிச்சுட்டு நல்லாத்தான இருக்கே? வாயி மட்டும் எப்படிக் கெடாம கெடக்கு?"

சிரிப்பு. யாரோ டீ கொண்டுவந்தார்கள். யாரோ அவித்த கிழங்கில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தட்டில் நீட்டினார்கள். கிழங்கு சுட்டது. குமரகுரு ஊதி ஊதித் தின்றார். தமக்கு முன்னால் இத்தனை பேர் நின்று தம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வகுப்பறையில்கூடக் கிடைக்காத அனுபவம்.

"அடுத்த சனிக்கிழமை வந்து மறுபடி பாக்கணும்," என்றார். தம் குரல் அவ்வளவு சந்தோஷமாக ஒலித்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

சனிக்கிழமைகள் வந்தன. குமரகுருவுக்குப் "பேப்பர் சார்" என்று பெயர் ஆயிற்று. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பெஞ்சுக்கு முன்னால் சொம்புகள் வரிசையில் நின்றன. முதல் வாரம் சொம்பு தேய்க்காதவர்கள் இரண்டாம் வாரம் தேய்த்தார்கள். இரண்டாம் வாரம் தேய்த்தவர்கள் மூன்றாம் வாரம் சாம்பலை விட்டுப் புளிக்கு மாறினார்கள். தேவசேனா வெள்ளிக்கிழமை சாயங்காலமே புளியும் உப்பும் வைத்துத் தேய்த்து, காலையில் இன்னொரு தடவை தேய்த்து, தண்ணீர் பிடித்து வெள்ளனே கொண்டுவந்து முதலிடத்தில் வைத்துவிடுவார். வாரத்துக்கு வாரம் பழுப்பு கூடியது. தேவசேனா வீட்டுத் தாள்தான் எப்போதும் எல்லாவற்றிலும் அடர்த்தி. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது போலத்தான் தெரிந்தது.

குமரகுருவும் மாறினார். வெள்ளிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டார். யாருக்கு என்ன நோவு, எந்த வீட்டுப் பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் வேலை கிடைத்தது, யாருடைய மாட்டைக் காட்டெருமை முட்டியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாலைத் தொலைபேசியில் புதிய செய்திகள் இடம்பெற்றன.

"பொன்னுச்சாமி வீட்டு மாடு செனையா இருக்கு," என்றார் ஒருநாள்.

"யாரு பொன்னுச்சாமி?" என்றார் சண்முகப்பிரியா.

விளக்கினார். "சந்தோஷம்," என்றார் அந்த அம்மாள். மாட்டைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று தெரியவில்லை.

ஊருக்கு இந்த விஞ்ஞானத்தால் சில இடைஞ்சல்கள் இருந்தன. தொட்டிக் குழாயில் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பேப்பர் சார் வரும் அன்று சாம்பிளுக்கு மட்டும் அவிழ்ப்பார்கள். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் சோலைக்குள் இருக்கிற ஊற்றுக்குக் குடத்தோடு ஏறினார்கள். ஊற்றுத் தண்ணீரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை; ஊற்று என்றாலே சுத்தம் என்று ஊர் தீர்மானித்திருந்தது. பொன்னுச்சாமியும் மற்றவர்களும் மயில்துத்தம் அடிப்பதை நிறுத்தினார்கள். கருகல் நோய்க்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கிழங்குச் செடிகளில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

ஒரு புதன்கிழமை மழை விடுமுறை விட்டார்கள். விடுமுறை விட்ட செய்தி தெரிந்து மழை நின்றுவிட்டது. குமரகுரு வீட்டில் உட்கார்ந்து சுவர்ப் பூஞ்சையைப் பார்த்தார். டின்னைத் திறந்து தாள்களைப் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை இல்லை என்று தெரிந்தே, பஸ் ஏறினார்.

கூக்காலில் பெஞ்சு காலியாக இருந்தது. எல்லோரும் காட்டில். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையாவது செய்யாமல் போகக்கூடாதே என்று தொட்டிப் பக்கம் போய், சாக்கை அவிழ்த்து, குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் நேராகத் தாளை நீட்டினார்.

மஞ்சள்.

இன்னொரு தாள். அதுவும் மஞ்சள். ஈரத்தில் தாள் செத்துப்போயிற்று என்று நினைத்தார். சரிபார்ப்பதற்கென்று பையில் எப்போதும் தாமிரக் கரைசல் ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். ஒரு சொட்டு விட்டார். உடனே பழுப்பு. தாள் பிழைத்திருந்தது. தெருவின் மறுகோடிக் குழாய்க்குப் போனார். மஞ்சள். ஊர் ஏரிக்கரைக்கு நடந்தார். மஞ்சள். ஒரு விஞ்ஞானி இவ்வளவு நல்ல தண்ணீரைப் பார்த்து இவ்வளவு கலங்கியதாக வரலாறு இல்லை.

திரும்பி வரும்போது தேவசேனா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து அவசர அவசரமாகச் சொம்பில் புளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? சொம்பு வெளக்கல பாருங்க. செத்த பொறுங்க, வெரசாத் தேச்சிர்றேன்."

புளிச்சாறு பச்சையும் நீலமுமாக அவருடைய விரல் இடுக்கில் வழிந்தது. வாளித் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான் அலசல். மினுமினுப்பு போய்விடுமென்று அதற்கு மேல் அலசுவதில்லை. அதே குழாயில் தண்ணீர் நிரப்பி நீட்டினார். குமரகுரு தாளை நனைத்தார். இதுவரை பார்த்ததிலேயே அழகான பழுப்பு.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பித்தளையில் பெரும்பங்கு தாமிரம், புளி அதைக் கரைக்கும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். கடையில் அப்பா தேய்ப்பதை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். மயில்துத்தத்தை நிறுத்திய பிறகும் பழுப்பு ஏன் கூடியது என்பதும் இப்போது புரிந்தது. இத்தனை வாரமும் தாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எந்த வீட்டில் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று துல்லியமாக, வரிசை பிசகாமல் அளந்து காட்டியிருக்கிறது.

"ரொம்ப மோசமாயிருச்சா சார்?" என்றார் தேவசேனா, அவருடைய முகத்தைப் பார்த்து.

"சனிக்கிழமை சொல்றேன்மா."

பஸ்ஸில் வரும்போது பிரச்சினையை முறையாக அணுகினார். உண்மையைச் சொன்னால் ஊர் பழையபடி தொட்டித் தண்ணீர் குடிக்கும், கிழங்குக்கு மருந்து அடிக்கும். சொல்லாவிட்டால் அவருக்குச் சனிக்கிழமைகள் இருக்கும். சொல்லாமலிருப்பதற்கு ஏற்ற வாதங்களை அவர் மனம் ஓர் ஆய்வுக்குழுவைப் போலத் தயாரித்துத் தந்தது. மேலும் சில வாரத் தரவு தேவை. பருவ மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். அவசர முடிவு ஆய்வு நெறிக்கு விரோதம். வியாழக்கிழமை முழுக்க இந்த வாதங்கள் உறுதியாக நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வானிலைக்குப் பதில் வேறு பேசினார்.

"ஒரு ரிசல்ட்டு தப்பாப் போச்சு."

"யாருக்காச்சும் தெரியுமா?" என்றார் சண்முகப்பிரியா.

"எனக்கு மட்டுந்தான்."

"எப்பத் தெரிஞ்சது?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி," என்றார் அந்த அம்மாள். வங்கியில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "எங்க பிராஞ்சுல தப்பு நடந்தா அன்னைக்கே சொல்லிட்டா அது தப்பு. வச்சிருந்து சொன்னா அதுக்கு வேற பேரு." பிறகு சாதாரணக் குரலில், "ஏன் வச்சிருக்கீங்க?" என்றார்.

குமரகுருவிடம் பதில் இருந்தது. சொன்னால் அது தண்ணீரைப் பற்றியதாக இருக்காது.

"இங்க மிஸ்ட்டு," என்றார்.

சனிக்கிழமை சொம்புகள் வழக்கத்தைவிடப் பளபளப்பாக வரிசையில் நின்றன. பேப்பர் சார் புதன்கிழமை ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் போனார் என்று பரவியிருந்தது. ஊரே கூடியிருந்தது. தேவசேனா நொண்டிக்கொண்டு வந்தார். கணுக்காலில் மஞ்சள் பற்று. வெள்ளிக்கிழமை ஊற்றுக்குப் போன வழியில் சேற்றில் சறுக்கிவிட்டதாம். வீங்கிய காலோடு உட்கார்ந்து சொம்பைத் தேய்த்திருக்கிறார். சொம்பு முதலிடத்தில் இருந்தது.

குமரகுரு எழுந்து நின்றார். வகுப்பில்கூட அவர் உட்கார்ந்துதான் பேசுவார்.

"தண்ணியில ஒண்ணுமில்ல," என்றார். "தொட்டித் தண்ணி சுத்தம். நீங்க சொம்பைப் புளி போட்டு வெளக்குறீங்கல்ல, அந்தப் புளி பித்தளையைக் கரைக்குது. அந்தக் காப்பர்தான் பேப்பர்ல தெரிஞ்சுது. தப்பு என்னோடது. நான் பாத்திருக்கணும்."

முதலில் கருத்துச் சொன்னது ஒரு சேவல்.

"அப்ப எங்க சொம்புலதான் வெசங்கறீங்களா?" என்றார் தேவசேனா.

"வெசம்னு இல்லம்மா. நல்லா அலசிட்டா—"

"எங்க அம்மா சீரு குடுத்த சொம்பு. அதுல குடிச்சுத்தான் எங்க வீட்டுல மூணு பிள்ளை வளந்துச்சு. உங்களுக்குன்னு தேச்சோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்."

"ஏலே, அந்தப் பெப்சி பாட்டிலை எடுத்தா," என்று பொன்னுச்சாமி யாரிடமோ கத்தினார். "இப்பப் பாத்துருவோம்."

பழைய பாட்டிலில் தொட்டித் தண்ணீர் வந்தது. தாள் மஞ்சளாகவே இருந்தது. நசுங்கிய இன்னொரு பாட்டில் வந்தது. மஞ்சள். பொன்னுச்சாமி தம் கையாலேயே தாளை வாங்கி நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மதினி, கேட்டியா? நான் ஊரைக் கெடுக்கல. உன் சொம்புதான் கெடுத்துச்சு."

"ஆமா, பெரிய உத்தமரு. போயி முதல்ல கெழங்கைப் பாருங்க, கருகிக் கெடக்கு."

அந்த வார்த்தை கூட்டத்தில் தீ மாதிரி பற்றியது. கருகல் ஏற்கெனவே பாதிக் காட்டில். இன்றைக்கே மருந்து அடித்தால் மிச்சமாவது தேறும். குமரகுருவை யாரும் திட்டவில்லை. அவர் அதற்குத் தயாராக வந்திருந்தார். ஒரு மன்னிப்பைக்கூட பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தார். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. குழாயில் கட்டியிருந்த சாக்கை ஒருவர் அவிழ்த்து எறிந்தார். ஸ்ப்ரேயர் டப்பாக்கள் முதுகில் ஏறின. கொஞ்ச நேரத்தில் பெஞ்சும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. தேவசேனா நொண்டியபடியே வந்து எவர்சில்வர் டம்ளரில் டீ வைத்தார்.

"இதுல ஒண்ணும் கரையாதுல்ல?"

"கரையாதும்மா."

"கரைஞ்சாலும் குடிங்க. சூடா இருக்கு." சொம்பை எடுத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு தேய்க்கும் சத்தம் கேட்கவில்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாவது மதிப்பீட்டாளர் திருப்தி தெரிவித்திருந்தார். நான்காவது அட்டவணையின் கடைசி வரியில் கூக்கால் இருக்கிறது. தாமிரம் என்ற கட்டத்தில் "கண்டறியப்படவில்லை" என்று போட்டிருக்கிறது. வேறு எதற்கும் அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை குமரகுரு இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தாள் இல்லாமல், பை இல்லாமல் கூக்காலில் இறங்கினார். நடத்துநர்கூட ஏன் கைவீசி வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. வீடுகள் பூட்டியிருந்தன. தொட்டிக் குழாயில் ஒரு பெண் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்து முடித்ததும் அவருக்கு இடம் விட்டுப் போய்விட்டாள். அவர் குனிந்து கையைக் குவித்துக் குடித்தார். அத்தனை வாரம் சோதித்த தண்ணீரை அன்றுதான் முதன்முதலாகக் குடிக்கிறார். பல் கூசும்படி குளிர்ந்திருந்தது. நல்ல தண்ணீர்.

மேலே படிக்கட்டு வயலில் சிலர் குனிந்து நின்றார்கள். ஒரு தலை நிமிர்ந்தது.

"யாரது? பேப்பர் சாரா?" தேவசேனாவின் குரல். "என்ன சார், மறுபடியும் ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா," என்று கையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னார். "எல்லாம் நல்லாயிருக்கு."

"நல்லாயிருந்தாச் சரி," என்றார் தேவசேனா. நிஜமான நிம்மதியோடு சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி செடிக்குள் குனிந்துகொண்டார். திரும்பிப் போகிற பஸ் மதியத்துக்குமேல்தான். குமரகுரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.